பின் டிஸ்க் பிரேக் விடாமல் பிடிக்கிறது: கலிப்பரை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

தம்பி, எந்தக் கலிப்பர் (சில்லோடு சுழலும் டிஸ்க்கை ‘பாட்’ என்ற உராய்வுக் கட்டைகளால் இரு பக்கமும் கவ்வும் பாகம்) வாங்கினால் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதிய விவரங்களைப் படித்தபோது, இது கலிப்பரைப் பற்றிய கேள்வியே அல்ல என்று எனக்குப் பட்டது. நான் விளங்கிக்கொண்டது சரிதானா என்று முதலில் பாருங்கள். உங்கள் அப்பப்பாவின் 1960ஆம் ஆண்டு மொறிஸ் மைனர். சென்ற ஆண்டு முன் சில்லுகளுக்கு டிஸ்க் போட்டீர்கள். ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. இரண்டு மாதங்களுக்கு முன் பின் ட்ரம்களையும் கழற்றிவிட்டு, யப்பான் சிறு கார் ஒன்றின், கைப்பிரேக்கும் உள்ளேயே சேர்ந்து வரும் கலிப்பர்களைப் பொருத்தினீர்கள். வேலையோடு வேலையாக, பெடலை மிதிக்கும்போது ஒயிலைக் குழாய்களுக்குள் தள்ளும் பழைய ஒற்றை மாஸ்டர் சிலிண்டரை எடுத்துவிட்டு, ஒரு வான் வண்டியின் இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டரையும் போட்டீர்கள். பெடல் ஆழமாக இறங்கியது. கராஜில் அதை மேலே எடுத்துத் தந்தார்கள். அன்றிலிருந்து கொக்குவிலில் புறப்பட்டால் சுன்னாகம் போய்ச் சேர்வதற்குள் கார் பாரமாகிறது, பின் சில்லு இரண்டிலும் கருகல் மணம் வருகிறது. ஒரு மணி நேரம் நிழலில் விட்டால் சில்லுகள் மறுபடி தாராளமாகச் சுற்றுகின்றன. இதுவரை கலிப்பர் இரண்டு தடவை, பாட் மூன்று தடவை மாற்றியாயிற்று.

ஆகவே, காலை எடுத்த பிறகும் பின் பிரேக் ஏன் விடவில்லை என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. பிரேக் பிடிக்கவில்லை என்றால் எல்லோரும் உடனே பயப்படுகிறோம். விடவில்லை என்றால் பாட்டைத் தேய்த்துப் போட்டு ஓடுகிறோம். யாழ்ப்பாணத்தில் இதைக் கண்டுபிடிக்கவும் நாட்செல்லும். ஏற்ற இறக்கமே இல்லாத சமதரை. கார் தானாக உருள்கிறதா, உருள மறுக்கிறதா என்று காட்டித் தர ஒரு சரிவு கிடையாது. நான் முப்பது வருடங்களுக்கு மேலாகப் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களின் அடியில் படுத்து வேலை செய்தவன். டிஸ்க்குக்கு மாற்றிய கார் விடாமல் பிடிக்கிறது என்று என்னிடம் வந்தவற்றில், கலிப்பரே குற்றவாளியாக இருந்தவை மிகச் சில.

உங்கள் விவரத்தில் இரண்டு தடயங்கள் இருக்கின்றன. ஒன்று, இரண்டு பின் சில்லுகளும் ஒரே மாதிரிப் பிடிக்கின்றன. இடது கலிப்பர் வழுக்கி நகரும் ‘பின்’ (pin) என்ற கம்பி துருப்பிடித்து இறுகினால் இடது சில்லுதான் சூடாகும். இரண்டும் ஒரே நாளில் ஒரே அளவில் பழுதாவது அரிது. இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் தேட வேண்டும். மற்றது, சூடானால் பிடிக்கிறது, ஆறினால் விடுகிறது. இது பூட்டிய குழாய்க்குள் பிரேக் ஒயில் சூட்டில் விரிவதன் அடையாளம். ஒயில் திரும்பிப் போக வழியில்லாதபோது அது பிஸ்டனைத்தான் தள்ளும். தள்ளினால் உராய்வு, உராய்ந்தால் சூடு, சூட்டினால் இன்னும் விரிவு. ஆறும்போது ஒயில் சுருங்குகிறது, சில்லு விடுகிறது.

ட்ரம் பிரேக்கில் காலை எடுத்ததும் வலுவான ஸ்பிரிங்குகள், ட்ரம்மின் உட்சுவரை அழுத்தும் ஷூக்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். டிஸ்க்கில் அப்படி ஒரு ஸ்பிரிங் இல்லை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர விளிம்பு ரப்பர், பிரேக் பிடிக்கும்போது சற்று முறுகி, விடும்போது தன் பழைய வடிவுக்குத் திரும்புகையில் பிஸ்டனையும் கூட்டிக்கொண்டு வருகிறது. அது இழுக்கும் தூரம் மில்லிமீற்றரில் ஒரு சிறு பங்கு. அந்தச் சிறு அசைவுக்கும் ஒயில் மாஸ்டர் சிலிண்டர் வரை போய், அங்கிருந்து மேலே உள்ள தொட்டிக்குள் ஏறிவிட வேண்டும். அந்தக் கடைசி வழி ஊசிமுனை போன்ற ஒரு துவாரம். பெடல் முழுதாக ஓய்ந்திருக்கும்போது மட்டுமே அது திறந்திருக்கும். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு உள்ளே தள்ளப்பட்டு நின்றாலும் அதற்குள் இருக்கும் ரப்பர்க் கிண்ணம் அதை மூடிவிடும்.

இனிச் சோதனை. கார் சூடாகிப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே இதைச் செய்ய வேண்டும். ஆறிய காரில் ஒன்றும் தெரியாது. முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கைப்பிரேக்கை விட்டு, பின்பக்கத்தை ஜாக்கில் தூக்கி உறுதியான தாங்கிகளில் இறக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகவே வேண்டாம். சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள், எவ்வளவு இறுக்கம் என்று கை நினைவு வைத்துக்கொள்ளட்டும். பிறகு மேலிருந்து கீழே இறங்குங்கள். முதலில், மாஸ்டர் சிலிண்டரைப் பிடித்திருக்கும் நட்டுகளை இரண்டு மூன்று சுற்றுத் தளர்த்தி, சிலிண்டரைச் சற்று முன்னே நகர விடுங்கள். சில்லு விட்டுவிட்டால் பெடலிலிருந்து வரும் தள்ளுகம்பி நீளம் கூடிவிட்டது. தேடல் அங்கேயே முடிந்தது. விடவில்லையென்றால் நட்டுகளை இறுக்கிவிட்டு, பின் சில்லுகளுக்குப் போகும் குழாயின் நட்டை மாஸ்டர் சிலிண்டர் வாயிலில் கொஞ்சம் தளர்த்துங்கள். ஒயில் சீறி வந்து சில்லு விட்டால் குற்றம் மாஸ்டர் சிலிண்டருக்குள். அங்கும் விடாமல், கலிப்பரில் காற்று எடுக்கும் நிப்பிளைத் திறக்கும்போதுதான் விடுகிறது என்றால், இடையிலுள்ள ரப்பர் ஹோஸிலோ நசுங்கிய குழாயிலோ குற்றம். நிப்பிளைத் திறந்தும் சில்லு அசையவில்லை என்றால் ஒயிலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கைப்பிரேக், கலிப்பரின் பின்கள், கலிப்பரைத் தாங்கும் தகடு என்று தேட வேண்டியதுதான். எந்த இடத்தைத் தளர்த்தும்போது சில்லு விடுகிறதோ, குற்றம் அதற்கு மேலே என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். ஒயில் கடும் சூட்டில் இருக்கும்; கண்ணாடியும் கையுறையும் போடுங்கள். பெயின்ரில் பட்டால் அரித்துவிடும், ஒரு வாளி தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். சோதனை முடிந்ததும், குழாய்களுக்குள் புகுந்த காற்றைப் புதிதாக எடுக்க வேண்டும்.

காரைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் பந்தயம் கட்டச் சொன்னால் தள்ளுகம்பியில்தான் கட்டுவேன். பெடலை மேலே எடுத்துத் தந்தார்கள் என்ற ஒரு வரிதான் காரணம். பெடலை மேலே எடுக்கக் கராஜில் செய்யக்கூடிய மிகச் சுலபமான வேலை அந்தக் கம்பியை நீட்டுவது. நீட்டினால் பெடல் உயரும், வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு போவார்; உள்ளே துவாரம் மூடிவிடும். பெடலை விரலால் மெல்ல அமுக்கிப் பாருங்கள். கம்பி பிஸ்டனைத் தொடுவதற்கு முன் சிறு தளர்வு உணரப்பட வேண்டும். கம்பியின் முனையில் ஒரு மில்லிமீற்றர் அளவு இருந்தால் போதும், பெடலில் அது சில மில்லிமீற்றராகத் தெரியும். இன்னொரு வழியும் உண்டு. தொட்டியின் மூடியைத் திறந்து, ஒருவர் பெடலை மெதுவாக அமுக்க, மற்றவர் உள்ளே பார்க்கட்டும். துவாரம் திறந்திருந்தால் அமுக்கிய கணத்தில் ஒயிலின் மேற்பரப்பில் சிறு ஊற்றுப்போல் எழும்பும். எழும்பவே இல்லை என்றால் அது மூடியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். முகத்தை நேரே மேலே வைத்துக்கொண்டு பார்க்காதீர்கள்.

கம்பி நீண்டிருந்தால் முன் சில்லுகளும் பிடிக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். ஒற்றைச் சிலிண்டர் என்றால் நிச்சயமாக நான்கும் பிடிக்கும். இரட்டைச் சிலிண்டரில் ஒவ்வோர் அறைக்கும் ஒரு பிஸ்டன், ஒரு துவாரம். இரண்டும் ஒரே கணத்தில் மூட வேண்டும் என்றில்லை. ஒன்று மூடி மற்றது திறந்து நிற்பது நடக்கக்கூடியது.

இரண்டாவது சந்தேகம் அந்த வானின் மாஸ்டர் சிலிண்டர் மீது. அந்த வானுக்குப் பின்னால் ட்ரம் பிரேக் இருந்திருந்தால், பின் வாயிலுக்குள் ஒரு சிறு வால்வு ஒளிந்திருக்கலாம். ட்ரம் சிலிண்டர்களின் ரப்பர்க் கிண்ணங்கள் சுவரோடு ஒட்டி நிற்கவும், காற்று உள்ளே இழுபடாமல் இருக்கவும் சதுர அங்குலத்துக்கு 10 இறாத்தல் அளவு அழுத்தத்தை அது குழாயிலேயே பிடித்து வைக்கும். ட்ரம்மில் ஸ்பிரிங்குகள் இதை வென்றுவிடும். டிஸ்க்கில் எதிர்த்து நிற்க ஆளில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கலிப்பர் பிஸ்டனின் குறுக்களவு 30 மில்லிமீற்றர் என்றால் அதன் பரப்பு ஏறக்குறைய 707 சதுர மில்லிமீற்றர், அந்த அழுத்தத்தில் பாட்டை ஏறத்தாழ 5 கிலோ பாரம் எந்நேரமும் அமுக்கிக்கொண்டே இருக்கும். காலில் தெரியாது, பத்து நிமிட ஓட்டத்தில் டிஸ்க்கில் தெரியும். இந்த வால்வு எல்லாச் சிலிண்டர்களிலும் இருப்பதில்லை. பிற்கால வகைகள் பலவற்றில் ட்ரம் சிலிண்டருக்குள்ளேயே ஒரு மெல்லிய ஸ்பிரிங்கை வைத்து இந்த வால்வை விட்டுவிட்டார்கள். அதனால்தான் இதை இரண்டாவதாக வைக்கிறேன். மைனரின் பழைய மாஸ்டர் சிலிண்டருக்குள்ளும் இப்படி ஒன்று உண்டு. டிஸ்க்குக்கு மாற்றும்போது அதைக் கழற்ற வேண்டும். சென்ற ஆண்டு முன் டிஸ்க் போட்டபோது யாரோ வேலை தெரிந்தவர் அதைக் கழற்றியிருக்கிறார், ஆகவேதான் அப்போது பிரச்சினை வரவில்லை.

அந்த வால்வைக் கழற்றும்போது ஒரு விஷயம். மைனரில் மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில், சட்டத்துக்குள் தாழ்வாக இருக்கிறது. உங்கள் புதிய சிலிண்டரையும் அதே உயரத்தில் வைத்து, தொட்டியையும் அங்கேயே விட்டிருந்தால், ஒயில் கலிப்பரிலிருந்து மெல்ல வடிந்து பெடல் ஆழமாகலாம். அப்படியானால் சதுர அங்குலத்துக்கு 2 இறாத்தல் அழுத்தத்தை மட்டும் பிடித்து வைக்கும் வால்வு ஒன்றைப் பின் குழாயில் போடுவது வழக்கம். அந்த அளவு டிஸ்க்கைப் பிடிக்காது. எஞ்சின் பக்கம் உயரமாகத் தொட்டி வைத்திருந்தால் அதுவும் தேவையில்லை.

மூன்றாவது ரப்பர் ஹோஸ். மைனரில் உடம்பிலிருந்து பின் அச்சுக்கு ஒரே ஒரு ஹோஸ்தான் இறங்குகிறது. அங்கிருந்துதான் இரண்டு சில்லுகளுக்கும் குழாய் பிரிகிறது. அதனால் ஹோஸ் பழுதானாலும் இரண்டும் சேர்ந்தே பிடிக்கும். வெளியே புதிதுபோலத் தெரிந்தாலும் உள்சுவர் உப்பி, காலின் பலத்தில் ஒயிலைப் போக விட்டு, திரும்பி வர விடாமல் அடைத்துக்கொள்ளும். அது பழையது என்றால் சோதிக்காமலே மாற்றிவிடுங்கள்.

ஹோஸ் உப்புவதைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. 1990க்குப் பிறகு போரினால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில், ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினோம் என்பது எல்லோருக்கும் தெரியும். பிரேக் ஒயிலுக்கும் அதே தட்டுப்பாடுதான். அவசரத்துக்கு எஞ்சின் ஒயிலை ஊற்றிக்கொண்டு வந்த ஓர் ஒஸ்ரின் ஏ40 காரை என் ஆசானுடன் சேர்ந்து பிரித்தேன். உள்ளே இருந்த ஒவ்வொரு ரப்பரும் ஊறிய கடலைபோலப் பருத்து, சிலிண்டருக்குள் அசைய முடியாமல் இறுகியிருந்தது. சில்லுகள் நான்கும் பிடித்தபடி, தள்ளிக்கொண்டுதான் கொண்டுவந்தார்கள். இன்றும் இது நடக்கிறது. பவர் ஸ்டியரிங் ஒயிலைத் தவறுதலாக ஊற்றுகிறவர்கள் உண்டு. தொட்டி மூடியின் ரப்பர் உப்பி நெளிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொட்டி ஒயிலைச் சில துளி விடுங்கள். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் டொட் 3, டொட் 4 ஒயில் தண்ணீரோடு கலந்துவிடும். மற்ற எண்ணெய் மேலே மிதக்கும். மிதந்தால் ரப்பர் எல்லாவற்றையும், ஹோஸ் உட்பட, மாற்றுவதைத் தவிர வழியில்லை.

கைப்பிரேக்குக்கு வருகிறேன். உங்கள் கதை இங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன். மைனரில் கைப்பிரேக் லீவரடியிலிருந்து இரண்டு கேபிள்கள் பின்னே போகின்றன, இறுக்கும் நட்டுகளும் அங்கேயே. யப்பான் கலிப்பருக்கு வேண்டிய கேபிள் நீளம் வேறு. பொருத்துகிறவர் கைப்பிரேக் பிடிக்க வேண்டுமே என்று இழுத்து இறுக்கிவிடுவார். கலிப்பரின் பின்னால் இருக்கும் சிறு நெம்பு, கைப்பிரேக்கை விட்ட நிலையில், தன் தடையில் போய் முட்டி நிற்க வேண்டும். முட்டாமல் கொஞ்சம் இழுபட்டு நின்றால் இரண்டு கேடுகள். ஒன்று, பாட் எப்போதும் இலேசாக உரசும். ஆட்கள் ஏறி ஸ்பிரிங் தாழ்ந்தால் கேபிளின் இழுவையும் மாறும். மற்றது பலருக்குத் தெரியாதது: அந்த வகைக் கலிப்பருக்குள் தேய்மானத்தை ஈடுசெய்யும் ஒரு திருகு இருக்கிறது, நெம்பு தடைக்குத் திரும்பாவிட்டால் அது தன் வேலையைச் செய்யாது. அப்போது பிஸ்டனுக்கும் பாட்டுக்கும் இடையில் இடைவெளி நிற்கும், பெடல் ஆழமாக இறங்கும். பெடல் இறங்கியதால் கராஜில் தள்ளுகம்பியை நீட்டினார்கள். நீட்டியதால் துவாரம் மூடியது. மூடியதால் இன்று சில்லு பிடிக்கிறது. இது என் ஊகம்தான். ஆனால் உங்கள் விவரங்கள் எல்லாம் இதில் பொருந்துகின்றன.

ஆகவே ஒழுங்கை முதலிலிருந்து செய்யுங்கள். இரண்டு கேபிள்களையும் கலிப்பரிலிருந்து முழுதாகக் கழற்றுங்கள். பிஸ்டனை உள்ளே அனுப்பும்போது கிளாம்ப் போட்டு அமுக்காதீர்கள். இந்த வகைப் பிஸ்டன் திருகித்தான் உள்ளே போகும், அமுக்கினால் உள்ளே இருக்கும் திருகு உடையும். முதல் கலிப்பர்கள் அப்படித்தான் கெட்டிருக்குமோ என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. பிஸ்டன் முகத்திலுள்ள வெட்டு, பாட்டின் முதுகிலுள்ள சிறு முளைக்கு நேராக உட்கார வேண்டும். காற்று எடுக்கும் நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா பாருங்கள். இடதும் வலதும் மாறிப் பொருத்தப்பட்டால் நிப்பிள் கீழே வரும், எத்தனை தடவை எடுத்தாலும் காற்று உள்ளேயே நிற்கும், பெடல் மறுபடி பஞ்சுபோல் இருக்கும். எல்லாம் சரியென்றால் தள்ளுகம்பியைச் சரியான தளர்வுக்குக் குறைத்து, பெடலை இருபது முப்பது தடவை மிதித்துத் திருகைத் தன் இடத்துக்கு வரவிடுங்கள். கேபிளைக் கடைசியாக மாட்டி, நெம்பு தடையை விட்டு எழாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்.

மிகுதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கலிப்பர் வழுக்கி நகரும் பின்களுக்கு ரப்பரைக் கெடுக்காத பிரேக் கிறீஸ் போடுங்கள், சாதாரண கிறீஸ் வேண்டாம். பண்ணைப் பாலத்தாலும் தீவுப் பக்கமும் அடிக்கடி ஓடுகிற கார் என்றால் உப்புக் காற்று இந்தப் பின்களைத்தான் முதலில் பிடிக்கும். கலிப்பரைத் தாங்கும் தகடு கையால் செய்தது என்றால், டிஸ்க் அதன் நடுவில், நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். சரிந்திருந்தால் பாட் ஒரு முனையில் மட்டும் தேய்ந்திருக்கும். கழற்றிய மூன்று சோடிப் பாட்டுகளையும் எறியாமல் வைத்திருந்தால் அவையே சாட்சி சொல்லும்.

முழுதாக விட்ட டிஸ்க்கும் இலேசாக உரசத்தான் செய்யும். அந்தச் சத்தத்துக்குப் பயப்படாதீர்கள். பின் அச்சில் டிஃபரென்ஷலின் இழுவையும் சேர்ந்து இருக்கும், முன் சில்லுப்போல் சுற்றாது. சரியா என்று பார்க்க, பிரேக்கை அதிகம் தொடாமல் பத்துக் கிலோமீற்றர் ஓடி, மெல்ல உருட்டி நிறுத்தி, நான்கு சில்லுகளின் அருகேயும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். எந்தக் காரிலும் பிரேக் வேலையில் பெரும்பங்கு முன் சில்லுகளுக்கே. பின் சில்லு முன்னதைவிடச் சூடாக இருந்தால் இன்னும் ஏதோ பிடிக்கிறது.

அதுவரை காரை வீதிக்கு எடுக்காதீர்கள், தம்பி. புதிய டொட் 3 ஒயில் 205 பாகை செல்சியஸில் கொதிக்கும்; ஈரம் உறிஞ்சிய பழைய ஒயில் 140 பாகையிலேயே கொதிக்கலாம். கருகல் மணம் வரும் டிஸ்க் அந்தச் சூட்டைத் தொடக்கூடியது. கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடல் தரைவரை போகும். இரட்டை அறைச் சிலிண்டர் போட்டிருப்பதால் முன் பிரேக் மிஞ்சும். அதை நம்பி ஆட்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டாம்.

என் சொந்த அபிப்பிராயத்தையும் மறைக்க விரும்பவில்லை. மைனரின் பின் சில்லுகளுக்கு 7 அங்குல ட்ரம் தயாரிப்பின் கடைசிவரை போதுமாயிருந்தது. 1962இல் எஞ்சினைப் பெரிதாக்கியபோதும் முன் ட்ரம்மைத்தான் 8 அங்குலமாக்கினார்கள். பின்னால் கனமான டிஸ்க் போட்டால், சடுதியாக மிதிக்கும்போது முன் சில்லுக்கு முன்னதாகப் பின் சில்லு பூட்டிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. பூட்டினால் காரின் பின்புறம் பக்கவாட்டில் சுழலும். இழுவையைச் சரிசெய்த பிறகு, ஆளில்லாத அகன்ற வெளியில் குறைந்த வேகத்தில் பலமாக மிதித்து, எது முதலில் பூட்டுகிறது என்று வெளியே நின்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பின் சில்லு முந்தினால் பின் குழாயில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்று போட்டே ஆக வேண்டும். பழைய ட்ரம்களை வைத்திருக்கிறீர்கள் என்றால் எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்துங்கள்.

சோதனையைச் செய்துவிட்டு, எந்த இடத்தைத் தளர்த்தியபோது சில்லு விட்டது என்று மட்டும் எழுதுங்கள். கழற்றிய பாட்டுகளின் படமும், கைப்பிரேக்கை விட்ட நிலையில் கலிப்பரின் நெம்பு எங்கே நிற்கிறது என்பதன் படமும் இருந்தால் அடுத்ததைச் சொல்கிறேன்.